சிப்பித் தொட்டியில் நிறைகுடத் தண்ணீர்

எங்கள் வீட்டு முன்னறைக்குள் வருகிறவர்கள் முதலில் டிவியைத் தேடுவார்கள். டிவி மாடியில் இருக்கிறது. அது இருக்கவேண்டிய சுவரோரம் முழுக்க நான் ஒரு கண்ணாடித் தொட்டி வைத்திருக்கிறேன். உள்ளே உப்புத் தண்ணீர், பவளம், நாலைந்து மீன், நடுவில் ஒரு பெருஞ்சிப்பி. மீன் பார்க்க ஓடிவரும் பிள்ளைகள்கூடக் கடைசியில் சிப்பிக்கு முன்னால்தான் குந்தியிருப்பார்கள். அப்படியொரு நீலம் அதற்கு. ஓட்டுக்கு வெளியே தடித்த உதடு மாதிரி அதன் சதை விரிந்து கிடக்கும். நீலத்துக்குள்ளே பச்சைப் புள்ளிகள், விளிம்பில் ஒரு கறுப்புக் கோடு. இதற்கென்று தனியாகத் தீன் போடத் தேவையில்லை. அந்தச் சதைக்குள் குடியிருக்கும் பாசி வெளிச்சத்தை வைத்துச் சமைத்துக் கொடுக்கும், இவர் இருந்த இடத்தில் இருந்து சாப்பிடுவார். வீட்டில் எனக்குக் கிடைக்காத கொடுப்பினை அது.

வந்தவர்கள் கேட்கும் முதல் கேள்வி, சாப்பிடலாமோ என்பது. நாங்கள் மன்னார்ப் பக்கத்து ஆட்கள். கடலில் எதைக் கண்டாலும் எங்களுக்குச் சட்டி ஞாபகம் வந்துவிடும். தாராளமாகச் சாப்பிடலாம், அதற்குப் பிறகு உங்களை நான் அவிப்பேன் என்று சொல்லுவேன். இரண்டாவது கேள்வி, கடலில் பிடித்ததோ என்பது. அதற்கு மட்டும் ஒழுங்காகப் பதில் சொல்லுவேன். பிடித்தது இல்லை, வளர்த்தது. எங்கேயோ பசிபிக் தீவொன்றில் தாய்ச்சிப்பிகளை வைத்து முட்டையிட விட்டு, மணலைவிடச் சிறிய குஞ்சுகளைத் தொட்டியில் காப்பாற்றி, வருடக்கணக்காக ஆழமில்லாத தண்ணீரில் வளர்த்து, அரசாங்கக் கடிதாசியோடு விமானத்தில் அனுப்புகிறார்கள். கடலில் இருந்து பிடுங்கிய சிப்பியை யாராவது சும்மா தந்தாலும் நான் தொடமாட்டேன். கடலில் அதுகள் குறைந்துபோய்விட்டன. அதோடு, தொட்டியில் பிறந்ததுதான் தொட்டியில் ஒழுங்காக வாழும்.

எனக்கு எப்படி இந்தப் பைத்தியம் பிடித்தது என்று கேட்பவர்களுக்கு, என் வேலையே தண்ணீர் என்று சொல்லுவேன். ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் பகுதிக்குப் போகும் தண்ணீரைப் பார்க்கிறவள் நான். சிறுநீரகம் வேலை செய்யாத மனிதர்களின் இரத்தத்தைக் கழுவ உதவும் தண்ணீர் அது. அதில் ஒரு பொட்டு அழுக்கு, ஒரு பொட்டு உலோகம் இருக்கக்கூடாது. பகல் முழுக்க அதைக் காவல் காக்கிறவளுக்கு ஒரு சிப்பியின் தண்ணீரைக் காப்பது பெரிய காரியமா? தொட்டி விஷயத்தில் எனக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. பெருமைதான். பெருமைப்பட வேண்டியதற்குப் பெருமைப்படாமல் பிறகு எதற்குப் படுவது?

என் வீட்டுக்காரர் பிளம்பர். ஜெர்மனியில் தொழில் பழகி, பிறகு லண்டனுக்கு வந்தவர். பகலெல்லாம் செப்புக் குழாயை வெட்டி ஒட்டுகிற மனிதர். தொட்டிக்கு மட்டும் பிளாஸ்டிக் குழாய்தான் போடவேண்டும், வேலைக் கையைக் கழுவாமல் கிட்ட வரக்கூடாது என்று முதல் நாளே சொல்லிவிட்டேன். சிப்பிக்கும் பவளத்துக்கும் நத்தைக்கும் செம்பு நஞ்சு. மீன் கொஞ்சம் தாங்கும், இதுகள் தாங்காது. சுவாமியார் சிலுவையைத் தொடுவதற்கும் இவ்வளவு கை கழுவமாட்டார் என்று இவர் முணுமுணுத்தார். ஆனாலும் கழுவினார்.

போன மாரிக்கு முதல் மாரியில் லண்டனுக்குள்ளேயே எட்மண்டன் ஃபிளாட்டை விட்டு குட்மேய்ஸில் ஒரு வீட்டுக்கு வந்தோம். வீடு வாங்கினதற்குப் பாதிக் காரணம் மச்சாள். மச்சாள் என்றால் என் வீட்டுக்காரரின் அக்கா. ஜெர்மனியில் ஒரு சின்னப் பட்டணத்தில் இருந்தவர். பிள்ளைகள் இல்லை. புருஷன் இறந்த பிறகு தனியே இருந்தார். டெலிபோனில் கேட்டால் எல்லாம் நல்லாயிருக்கு என்பார். அவர் ‘நல்லாயிருக்கு’ என்று சொல்லும் குரலைக் கேட்டால் ஒன்றும் நல்லாயில்லை என்று எனக்கு விளங்கும். புது வீட்டில் ஓர் அறை மேலதிகமாக இருக்கிறது, வந்து எங்களோடு இருங்கள் என்று நான்தான் கூப்பிட்டேன். புது வீட்டுக் குடிபூரலுக்கு மட்டும் வருகிறேன் என்று ஒரு சின்னப் பெட்டியோடு வந்து இறங்கினார்.

ஏன் தங்கமாட்டார் என்பதை அவர் வாயிலிருந்து பிடுங்க எனக்கு ஒரு பின்னேரம் முழுக்கப் பிடித்தது. புருஷன் போன பிறகு அங்கே ஒரு கலியாண வீட்டில் கலியாணப் பொம்பிளையின் தாய் வந்து, கொஞ்சம் பின்னுக்கு இருக்க முடியுமா என்று மெதுவாகக் கேட்டிருக்கிறார். மரியாதையாகத்தான் கேட்டாராம். அதற்குப் பிறகு ஒருவரும் கேட்கத் தேவை வரவில்லை. மச்சாள் தானாகவே பின்னுக்கு இருக்கத் தொடங்கிவிட்டார். கலியாண வீடு, ஞானஸ்நானம், கோயில், எல்லா இடத்திலும் கடைசி வாங்கில்தான் போய் இருப்பார். தனக்கு ராசி இல்லை என்று நம்பிவிட்டார். புது வீட்டுக்குள் முதல் முதலாக வந்து இருக்கிற ஆள் தானாக இருக்கக்கூடாது என்பதுதான் அவருடைய பயம்.

“என்ர காலடி பட்டு உங்களுக்கு ஏதும் வந்துதெண்டால் என்னாலை தாங்க ஏலாது. ஒண்டும் வராமல் இருந்தால் பிறகு யோசிப்பம்.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர்மேல் இல்லை, அவரைப் பின்னுக்கு இருக்கச் சொன்ன அந்த மனுசிமேல். ஆனால் மச்சாள் எங்களோடு இருப்பதும் போவதும், வீட்டில் ஒன்றும் பிழையாகாமல் இருப்பதில் தொங்குகிறது என்பது எனக்கு விளங்கியது. சரி, ஒன்றும் பிழையாக விடமாட்டேன் என்று நினைத்தேன்.

தொட்டியை எட்மண்டனிலிருந்து கொண்டுவந்தது ஒரு தனிக்கதை. பெருஞ்சிப்பி அடியில் நூல் விட்டுக் கல்லைப் பிடித்துக்கொண்டிருக்கும். அதைப் பிய்த்தால் ஆள் முடிந்தார். அதனால்தான் நான் வாங்கிய அன்றே அதைத் தனியான ஒரு சின்னத் தட்டைக் கல்லில் இருத்தியிருந்தேன். கல்லோடு தூக்கி, சூடு காக்கும் பெட்டியில் அதன் பழைய தண்ணீரிலேயே வைத்து, காரின் பின்சீட்டில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். நோர்த் சர்க்குலர் வீதியில் வாகனங்கள் முட்டிக்கொண்டு நின்றன. நிறைமாதக்காரியை ஏற்றிப் போகிறவர் மாதிரி இவர் மெதுவாக ஓட்டினார். பின்னால் வந்தவர்கள் எல்லோரும் ஹோர்ன் அடித்தார்கள். அடிக்கட்டும் என்றேன். மறுநாள் காலையில் புது வீட்டில் விளக்கைப் போட்டதும் சிப்பி ஒன்றுமே நடக்காத மாதிரி விரிந்து கிடந்தது. சும்மா சொல்லக்கூடாது, நான் கெட்டிக்காரிதான்.

மச்சாளுக்கும் சிப்பிக்கும் முதல் அறிமுகம் சரியாக அமையவில்லை. அதன் சதை விளிம்பில் குட்டிக் குட்டிக் கண்கள் உண்டு. மேலே நிழல் விழுந்தால் தன்னைத் தின்ன மீன் வருகிறது என்று சடாரென்று சுருங்கிக்கொள்ளும். மச்சாள் தொட்டியைக் கடந்து போனபோது அவருடைய நிழல் பட்டு அது மூடிக்கொண்டது. அதற்குப் பிறகு அவர் தேத்தண்ணி போடக் குசினிக்குப் போக முன்னறையைத் தவிர்த்து நடைபாதையால் சுற்றிப் போவதைக் கண்டேன். என்ன மச்சாள் என்றேன். தன்னுடைய நிழல் அதற்குப் பிடிக்கவில்லை என்றார். ஐயோ மாதாவே என்று தலையில் அடித்துக்கொண்டு, அவரைக் கையில் பிடித்து இழுத்துவந்து நிறுத்தி, முதலில் என் நிழலைக் காட்டினேன். மூடியது. இவரைக் கூப்பிட்டு நிற்க வைத்தேன். மூடியது. பலசரக்கு கொண்டுவந்த பெடியனைக்கூட உள்ளே கூப்பிட்டேன். மச்சாள் சிரித்தார். ஆனாலும் முழுக்க நம்பின முகமாக இருக்கவில்லை.

குடிபூரலன்று சுவாமியார் வந்தார். நாங்கள் கத்தோலிக்க வேதக்காரர், ஆனால் வாசலில் நிறைகுடம் வைக்காமல் எங்கள் வீட்டில் ஒரு நல்ல காரியமும் நடக்காது. குடம் நிறையத் தண்ணீர், அதற்குள் வெட்டின ஒரு தேசிக்காய், வாயில் மாவிலை, மேலே தேங்காய், பக்கத்தில் மாதாவின் படம். குடத்தை வைப்பது புருஷனோடு வாழ்கிற ஒரு பெண்ணாக இருக்கவேண்டும் என்பது வழக்கம். வெம்பிளியிலிருந்து வந்திருந்த மாமி, என் வீட்டுக்காரரின் மாமன் மனைவி, பட்டுச்சேலையைச் சரிசெய்துகொண்டு அதற்கென்று முன்னால் வந்து நின்றார். மச்சாள் குசினிக்குள் நின்றுகொண்டு செப்புக் குடத்தை மினுக்கிக்கொண்டிருந்தார். பளபளவென்று கண்ணைப் பறித்தது குடம். நான் உள்ளே போய், குடத்தில் தண்ணீரை நிறைத்து, அதை மச்சாளின் கையில் கொடுத்து, நீங்கள்தான் வைக்கிறீர்கள் என்றேன்.

அவர் அதைத் திருப்பி என்னிடமே நீட்டினார். வேண்டாம் என்று தலையை ஆட்டினார். நான் விடவில்லை. இது என் வீடு, என் வாசல், என் வழக்கம் என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். இவர் அது தெரிந்துதான் கட்டினார். மச்சாள் குடத்தைக் கொண்டுபோய் வைத்தார். மாமியின் முகம் புளித்துப் போனது. பிறகு பக்கத்தில் நின்ற ஒரு மனுசியிடம், ஏதும் நடந்தால் பிறகு தெரியும் என்று அவர் சொன்னது எனக்கும் கேட்டது, மச்சாளுக்கும் கேட்டது.

சுவாமியார் அறை அறையாகத் தீர்த்தம் தெளித்துக்கொண்டு வந்தார். தீர்த்தம் தொட்டிக்குள் விழக்கூடாது என்று நான் முன்கூட்டியே மேலே கண்ணாடி மூடி போட்டு வைத்திருந்தேன். அவர் செபித்துக்கொண்டே குனிந்து பார்த்தார், சிப்பி பட்டென்று சுருங்கியது. மச்சாள் என் காதுக்குள் வந்து, “சுவாமியாருக்கும் மூடிப்போட்டுது” என்றார். அன்றைக்குத்தான் அவர் வாய்விட்டுச் சிரித்ததைப் பார்த்தேன்.

அடுத்த நாளிலிருந்து அவர் நடைபாதையால் சுற்றிப் போகவில்லை. காலையில் தேத்தண்ணியோடு தொட்டிக்கு முன்னால் வந்து இருந்துவிடுவார். நான் வேலைக்குப் போக முன் ஒரு சாடி நல்ல தண்ணீர் ஊற்றுவேன். விளக்கின் சூட்டில் தண்ணீர் ஆவியாகும், உப்பு அப்படியே நிற்கும், அதை ஈடுசெய்யத்தான். அதைக் கவனித்துப் பார்ப்பார். சிப்பிக்கும் தாகம் எடுக்குமோ என்று கேட்டார். ஓம், எடுக்கும் என்று சிரித்தேன். விளக்கம் சொல்ல எனக்கு நேரமிருக்கவில்லை, ரயிலுக்கு ஓடவேண்டும்.

இரண்டு நாள் கழித்து வேலையால் வந்து கதவைத் திறந்ததும் எனக்கு ஏதோ பிழையென்று தெரிந்தது. முன்னறையில் ஒரு மணம் இருந்தது, நல்ல மணம் இல்லை. தொட்டிக்குக் கிட்டப் போனேன். நத்தைகள் கண்ணாடியை விட்டு விழுந்து மணலில் மல்லாந்து கிடந்தன. பவளமெல்லாம் உள்ளே இழுத்துக்கொண்டு வெறும் கல்லாக நின்றது. சிப்பியின் சதை வாடிப்போய் ஓட்டுக்குள் ஒட்டிக் கிடக்க, ஓடு மட்டும் ஆவென்று திறந்திருந்தது. நிழலைக் காட்டினேன். மூடவில்லை. தூங்கும்போதும் அது அப்படித் திறந்து கிடப்பதில்லை. சாகப்போகும்போதுதான் கிடக்கும்.

மச்சாள் மாடிப்படியில் கோட்டைப் போட்டுக்கொண்டு இருந்தார். பக்கத்தில் அந்தச் சின்னப் பெட்டி. இவர் படிக்குக் கீழே என்ன செய்வது என்று தெரியாமல் நின்றார். மத்தியானமே தொட்டியில் மாற்றத்தைக் கண்டாராம் மச்சாள். அப்போதே பெட்டியை அடுக்கிவிட்டார். சனிக்கிழமை பஸ்ஸில் ஜெர்மனிக்குப் போக டிக்கெட் எடுத்துத் தரும்படி தம்பியிடம் கேட்டிருக்கிறார்.

நான் கோட்டைக்கூடக் கழற்றாமல் தண்ணீரைச் சோதித்தேன். உப்புச் சரி, சூடு சரி, எல்லாம் சரி. விளக்கு எரிகிறது, பம்ப் ஓடுகிறது. எதுவும் பிழையில்லை என்றால் ஏதோ உள்ளே விழுந்திருக்கவேண்டும். யாராவது தொட்டிக்குள் ஏதும் போட்டீர்களா என்று கேட்டேன். இருவரும் இல்லை என்றார்கள். தலையைத் திருப்பினேன். குசினியில், கழுவிக் கவிழ்த்து வைத்தபடி, அந்தச் செப்புக் குடம் தெரிந்தது.

குடத்துத் தண்ணீர் எங்கே என்று கேட்டேன். மச்சாளுக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. நிறைகுடத்துத் தண்ணீரைக் கால்படும் இடத்தில் ஊற்றக்கூடாது, உயிருள்ளதற்குத்தான் ஊற்றவேண்டும், ஏதாவது மரத்தடியில், செடியடியில். எங்கள் ஆட்களில் இது தெரியாதவர்கள் இல்லை. ஆனால் இந்த வீட்டுக்குப் பின்னால் பழைய சொந்தக்காரர் தோட்டம் முழுக்கக் கல் பதித்து விட்டிருந்தார். ஒரு புல்லுக்கூட இல்லை, கல்லுக்கு மேல் உறைபனி. வீட்டுக்குள் உயிருள்ளதாக ஒன்று இருந்தது. அதற்கு நான் தினமும் காலையில் தண்ணீர் ஊற்றுவதை அவர் கண்ணால் பார்த்திருந்தார். தாகம் எடுக்கும் என்று நானும் சொல்லியிருந்தேன். குடத்துத் தண்ணீரை அதற்கே ஊற்றிவிட்டார். அந்த வீட்டில் ஒருவரும் சொல்லாமல், தானாக, ஆசையோடு அவர் செய்த முதல் காரியம் அது. செப்புக் குடத்தைப் புளி போட்டு மினுக்கி, தண்ணீருக்குள் ஒரு தேசிக்காயையும் வெட்டிப் போட்டு, நாள்கணக்காக வாசலில் வைத்த தண்ணீர். புளிப்பு பட்டால் செம்பு கரையாமல் என்ன செய்யும்? சுவாமியாரின் தீர்த்தத்துக்கு மூடி போட்டவள், இதை யோசிக்கவே இல்லை.

ஆள் மயங்கி விழுந்தால் முதலில் மூச்சைப் பார்ப்பதுபோலத்தான், காரணத்தைக் கண்டதும் எனக்குக் கை தானாக ஓடியது. நான் எப்போதும் ஒரு டிரம்மில் உப்புத் தண்ணீர் கலக்கித் தயாராக வைத்திருப்பேன். அதை ஒரு பெட்டியில் நிறைத்து, சூடாக்கியைப் போட்டு, சிப்பியைக் கல்லோடு தூக்கி அதற்குள் வைத்தேன். இவரிடம் ஹோஸைக் கொடுத்து, தொட்டித் தண்ணீரைப் பாதிக்கு மேல் இறைக்கச் சொன்னேன். தண்ணீரைச் சுத்தமாக்கும் கரியைப் போட்டேன். உலோகத்தை உறிஞ்சும் வெள்ளைப் பஞ்சுத் தகடொன்று விற்கிறார்கள், அதையும் வெட்டி வடிகட்டிக்குள் வைத்தேன்.

வேலை நடக்க நடக்க மச்சாள் படியிலேயே இருந்தார். எனக்கு மனம் பொறுக்கவில்லை. உங்கட பிழை இல்லை மச்சாள் என்றேன். தெரியும் என்றார், தன்னுடைய ராசி என்றார். இவர் போய்ப் பக்கத்தில் இருந்து, அக்கா உன்னில் ஒரு பிழையும் இல்லை என்றார். அவர் இன்னும் குனிந்தார். மறுபடியும் நான் அதையே சொன்னேன். இவரும் அதையே சொன்னார். நாங்கள் பிழையில்லை, பிழையில்லை என்று சொல்லச் சொல்ல அந்த மனுசி சுருங்கிக்கொண்டே போனார். பிழை செய்யாமலே ஒன்று செத்துப்போகிறது என்றால், அவர் பக்கத்தில் இருந்ததுதான் காரணம் என்றாகிறது. அது எனக்கு அப்போது விளங்கவில்லை. எனக்கு விளங்கியதெல்லாம், கை விறைக்க ஈரத் தரையில் முழங்காலில் நிற்கிறேன், இவர் அழப் பார்க்கிறார், மச்சாள் தம்பியிடம் மறுபடியும் அந்த டிக்கெட்டைப் பற்றிக் கேட்கிறார். அதோடு எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்துவிட்டது.

“உங்கட பிழைதான், மச்சாள். முழுக்க உங்கட பிழை. செப்புக் குடத்திலை புளிப்போட கிடந்த தண்ணியை என்னட்டை ஒரு சொல்லுக் கேக்காமல் ஊத்தினது பிழை. மாமி ஊத்தியிருந்தாலும் இது இப்பிடித்தான் கிடக்கும். சுவாமியார் ஊத்தியிருந்தாலும் கிடக்கும். பிழை விட்டால் திருத்த வேணும். அந்தக் கோட்டைக் கழட்டிப்போட்டு இஞ்ச வாங்கோ.”

இவர் ஹோஸைப் பிடித்தபடி வாயைப் பிளந்துகொண்டு நின்றார். மூத்த மச்சாளை நான் அதுவரை ஒரு சொல் அதட்டியது கிடையாது. மச்சாள் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார்.

“பிழையோ?”

“ஓம், பிழை.”

“வேறை ஒண்டும் இல்லையோ?”

“செம்புக்கு உங்களை ஆரெண்டே தெரியாது, மச்சாள்.”

மச்சாள் எழும்பி, கோட்டைக் கழற்றிக் கொளுவியில் கொளுவினார். கையை முழங்கை மட்டும் மடித்துவிட்டுக்கொண்டு வந்து, என்ன செய்யவேணும் என்று கேட்டார்.

நான் காட்டிக் கொடுத்தேன். உப்பை எப்படிக் கலக்குவது, எவ்வளவு சூட்டுக்குக் கொண்டுவருவது, கல்லை அசைக்காமல் தண்ணீரை எப்படி மாற்றுவது. எனக்கு விடிந்தால் வேலை, அங்கே மனிதர்களின் தண்ணீர் இருக்கிறது. இவருக்கு இல்ஃபோர்டில் யாரோ வீட்டில் பொய்லர் திருத்தும் வேலை. பகல் முழுக்க வீட்டில் இருக்கப்போவது மச்சாள் ஒருவர்தான். சிப்பி பிழைப்பதென்றால் அவர் கையால்தான் பிழைக்கவேண்டும். இதை அவரிடம் நேரே சொன்னேன். சொல்லிவிட்டு எனக்கே பயமாக இருந்தது. செத்துப்போனால் இந்த மனுசியை இனி ஒருவராலும் தூக்கி நிறுத்த முடியாது.

காலையில் வடிகட்டியைத் திறந்தபோது பஞ்சுத் தகடு நீலமாக மாறியிருந்தது. செம்பை இழுத்தால் அது அப்படித்தான் மாறும். மச்சாள் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மாடியில் பல் விளக்கிக்கொண்டிருந்த தம்பியைக் கத்திக் கூப்பிட்டு, இதுதான் செம்பு, இவ்வளவும் தண்ணிக்குள் நின்றது என்று காட்டினார். நோயின் பெயரை டொக்டர் சொல்லக் கேட்டவர்களின் முகத்தில் வரும் ஒரு தெளிவை நான் ஆஸ்பத்திரியில் கண்டிருக்கிறேன். கெட்ட செய்திதான், ஆனால் பெயர் உண்டு.

அந்த நாட்களில் என் இடைவேளையில் போன் அடிக்கும். மச்சாள்தான். இன்றைக்கு ஓட்டைத் தொட்டேன், கொஞ்சம் அசைந்தது என்பார். அசையவில்லை என்றும் சொல்லுவார், ஒளிக்கமாட்டார். தண்ணீர் மாற்றினேன், சூடு கொஞ்சம் கூடிவிட்டது, அது என்ர பிழை, குறைத்துவிட்டேன் என்பார். நத்தைகள் ஒன்றும் தப்பவில்லை. பவளத்தில் பாதிதான் மிஞ்சியது. சிப்பி மட்டும் சாவதா இருப்பதா என்று யோசித்துக்கொண்டு கிடந்தது. சனிக்கிழமை வந்தது. பஸ்ஸைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. மச்சாள் குசினியில் உப்புக் கலக்கிக்கொண்டிருந்தார். இவர் என்னைப் பார்த்தார், நான் இவரைப் பார்த்து உதட்டில் விரலை வைத்தேன்.

பிறகொரு நாள் நான் ஸ்டேஷனில் இறங்கும்போது போன் வந்தது. ஓட்டு விளிம்பில் நூல் மாதிரி நீலம் தெரிகிறது என்றார். நான் மழையில் குடையை விரிக்கவும் மறந்து ஓடினேன். உண்மைதான். ஒரு நூலளவு நீலம். இருவரும் பெட்டிக்கு முன்னால் குந்தியிருந்து, ஒன்றுக்கும் உதவாத இரண்டு கிழவிகள் மாதிரி அழுதோம். அடுத்தடுத்த கிழமைகளில் சதை மெல்ல மெல்ல வெளியே வந்தது. தொட்டிக்குள் திரும்ப வைத்து, வெளிச்சத்தைக் குறைத்து, பிறகு சிறுகச் சிறுகக் கூட்டினோம். ஒரு பக்க விளிம்பு மட்டும் நிறம் திரும்பாமல் வெள்ளையாகவே நின்றுவிட்டது. மற்றப்படி ஆள் ராசா.

பாஸ்குத் திருநாள் முடிந்த ஞாயிறு மாமி வந்தார். வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு முன்னறைக்குள் வந்து இருந்தவரின் கண் நேரே அந்த வெள்ளையில் போய் நின்றது. இதென்ன, இப்படியா இருந்தது என்று கேட்டார். கொஞ்சம் சுகமில்லாமல் போய்விட்டது என்று நான் சுருக்கமாகச் சொன்னேன். குடிபூரலுக்குப் பிறகுதானே என்றார் மாமி. பிறகு குரலைத் தணித்து, ஆனால் குசினிவரை கேட்கும்படியாக, அன்றைக்கே தான் சொன்னதாகவும், நிறைகுடத்தை யார் கையில் கொடுப்பது என்று ஒரு முறை இருப்பதாகவும் தொடங்கினார். எனக்கு வாயில் வார்த்தை வந்துவிட்டது. நல்ல வார்த்தை இல்லை. அதற்குள் மச்சாள் தேத்தண்ணித் தட்டோடு உள்ளே வந்தார்.

“அது என்ர பிழை, மாமி. செப்புக் குடத்துத் தண்ணியைத் தொட்டிக்குள்ளை ஊத்திப்போட்டன். செம்பு அதுக்கு ஆகாது. எனக்கு அப்ப தெரியாது, இப்ப தெரியும்.”

சமையல் குறிப்புச் சொல்லுகிற குரலில் சொன்னார். சொல்லிக்கொண்டே கோப்பைகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். மாமிக்கு அதைப் பிடித்துக்கொண்டு மேலே போக வழியிருக்கவில்லை. பிழை என்று ஒருத்தி தானே ஒப்புக்கொண்டு நிற்கும்போது அதற்கு மேல் என்னத்தைச் சொல்வது? சரி பிள்ளை, திரும்பி ஜெர்மனிக்கு எப்போது போகிறாய் என்று கேட்டார்.

மாதங்களாக நாங்கள் ஒருவரும் கேட்கத் துணியாத கேள்வி அது. இவர் தொட்டியின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மச்சாள் கடைசிக் கோப்பையை எடுத்துக்கொண்டு எனக்குப் பக்கத்தில் வந்து இருந்தார்.

“அங்கை போய் என்னத்தைச் செய்யிறது, மாமி? நான் பிழை விட்டால் பிழை எண்டு சொல்ல அங்கை எனக்கு ஒருத்தரும் இல்லை.”

மாமிக்கு முன்னால் அழ எனக்கு விருப்பமில்லை. தேத்தண்ணியை ஒரு வாய் குடித்தேன். சீனி காணாது, மச்சாள் என்றேன். உண்மையாகவே போதாது. அவர் எழும்பிச் சீனி எடுக்கப் போனார்.